எழுதாமல் விட்ட நாட்கள்

கருக்களாச்சேரியில் என் அண்ணன் கவியரசனை விடியற்காலையில் தேடுகிறவர்கள், அலை கால் நனைக்கும் இடத்துக்குத்தான் போவார்கள். தூக்கத்தில் நடந்து வந்தவன்போல் நின்று, முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் காற்றைப் பார்ப்பான். கடல் சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டான். எங்கள் கரையில் யாருமே சொல்வதில்லை. அது தாயைக் குறை சொல்வதுபோல. "அம்மா குளிக்கிறா" என்பான். அன்று படகுகள் கரையிலேயே கிடக்கும்.

கல்லூரியில் என் ஆய்வுக்காக, கரைக்காரர்கள் கடலைப் பார்ப்பதுபோல் பார்க்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்காக 2006 முதல் இரண்டு வருடம் அண்ணன் நோட்டில் எழுதினான்: காற்று, நீரோட்டம், தண்ணீரின் நிறம், கிடைத்த மீன். இடையிடையே வெற்றுப் பக்கங்கள். மறந்துவிட்டான் என்று நினைத்து அவற்றைத் தள்ளிவிட்டேன்.

2008 ஐப்பசியில் ஒரு காலை, அன்றைய காற்றையும் நிறத்தையும் கணினியில் கொடுத்தேன். "போகலாம்" என்றது திரை. பக்கத்தில் நின்ற அண்ணனின் மைத்துனர் முத்தையன் துள்ளினார்.

"பொட்டியே சொல்லிட்டுது மச்சான்! பொண்ணு பாக்க வந்தவராட்டம் நிக்கிறீங்களே, கெளம்புங்க."

"அம்மா குளிக்கிறா."

"அத ஒங்க தங்கச்சி பொட்டிக்கிட்ட சொல்லுங்க" என்று முத்தையன் படகைத் தள்ளப் போய்விட்டார்.

அண்ணன் என்னிடம் கேட்டான்: "அது என்னிக்காவது போவாதன்னு சொல்லியிருக்கா பாப்பா?"

ஒருநாளும் சொன்னதில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெற்றுப் பக்கங்கள் அவன் மறந்தவை அல்ல. கடலுக்குப் போகாத நாட்கள். அம்மாவைக் குறையாக எழுதக் கூசி, எழுதாமல் விட்டவை. போய்த் திரும்பிய நாட்களை மட்டுமே படித்த கணினிக்குப் போகாமலிருக்கத் தெரியவில்லை.

அண்ணன் ஓடிப்போய், தள்ள முடியாதபடி முத்தையனின் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஏசினார்கள்; இறங்கவில்லை. மதியம் வானம் கறுத்து வாடைக்காற்று சுழற்றியடித்தபோது, முத்தையன் வந்து, கரையிலேயே கிடந்த படகில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்று மாலை வெற்றுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, கண்ணை மூடி, அந்தந்த நாளின் வாசனையைத் தேடி எடுப்பவன்போல் அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் கடல் பக்கம் திரும்பி, "கோவிச்சுக்காத" என்றான். 'போகாத காரணம்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்.

இந்த மாசியில் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். மூன்று நாள் ஊரில் ஒரு படகும் இறங்கவில்லை. அந்த மூன்று பக்கங்கள் இப்போது என் முன்னால் இருக்கின்றன. இளங்காற்று, தெளிந்த தண்ணீர் என்று முத்தையன் சொன்னதை எழுதிவிட்டேன். காரணத்தை விட்டுவிட்டால் பழைய தவறு. கடலின்மேல் போட்டால் பொய்.

கட்டத்தில் மூன்று முறை எழுதினேன்: கவியரசன்.