பெயர் கூப்பிட்ட கூட்டம்

"பொம்பளைங்கள கூட்டத்துல ஒக்கார வச்சாலும் வாயத் தொறக்க மாட்டாளுங்க, வாத்தியாரம்மா. வேணும்னா பாருங்க" என்றார் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி.

நான் சிரித்துவிட்டு வந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஈப்போவில் படித்துவிட்டு, பிறந்த தோட்டத்துக்கே ஆசிரியையாகத் திரும்பியிருந்தேன். துரை ஆட்களிடம் குறை கேட்கும் கூட்டத்துக்குப் பெண்களையும் அழைக்க வேண்டுமென்று ஆங்கிலத்தில் பேசி அனுமதி வாங்கியவளும் நானே.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். விடியுமுன் பெரட்டு, ஆட்கள் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையோ விடிந்த பிறகுதான் திறக்கும். மேல் டிவிஷனில் இருந்த என் அண்ணி, தவழும் குழந்தையின் காலில் சேலைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்துவிட்டு வேலைக்குப் போவாள். கொட்டகையை முன்னதாகத் திறக்கும்படி அவளே துரையிடம் கேட்க வேண்டும்.

பால் நிறுத்து முடிந்த மதியம் பள்ளிக்கூடத்தில், துரை முன்னால் கூட்டம். பெண்களை முன்வரிசையில் பாய் விரித்து உட்கார வைத்தேன். யாரும் விடுபடக் கூடாதென்று பட்டியல் எழுதியிருந்தேன். முதல் பெயரைப் படித்தேன்.

விருட்டென்று எழுந்தாள் ஒருத்தி. "வந்துட்டேங்க!" உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தவளும், "வந்துட்டேங்க!"

"வாத்தியாரம்மா மத்தியானத்துலயே பெரட்டு வச்சிட்டாங்க டோய்!" என்றார் கங்காணி. ஆண்கள் சிரித்தார்கள். அப்போதே நிறுத்தியிருக்கலாம். பட்டியல் கையில் இருந்தது, படித்துக்கொண்டே போனேன்.

அண்ணி எழுந்தாள். என்னைப் பார்த்தாள், கங்காணியைப் பார்த்தாள். "வந்துட்டேங்க."

"ஏதாவது சொல்லுங்க, அண்ணி."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். பெண்களுக்குக் குறை ஏதும் இல்லை என்று கூட்டக் குறிப்பில் கிராணி எழுதியதைப் படித்தேன். பிழையில்லாத ஆங்கிலம்.

வெளியே அண்ணி சொன்னாள்: "பேர் கூப்ட்டா வேற என்னா சொல்றது? வேலைக்குத்தானே கூப்புடுவாங்க. நீ ஒருநாளு பெரட்டுல நின்னுருந்தா தெரியும்லா."

என்னைப் படிக்க வைக்க வேண்டுமென்று அப்பா ஒருநாளும் பெரட்டுக்கு அனுப்பியதில்லை. அது எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் விடியுமுன் மேல் டிவிஷனுக்கு ஏறிப் போனேன். அண்ணி வீட்டின் சாத்திய கதவுக்குள் குழந்தை அழுதது. அவிழ்த்துத் தூக்கிக்கொண்டேன். அடுத்த வீட்டிலும் அழுகை, அதற்கடுத்த வீட்டிலும். இரண்டைத்தான் தூக்க முடிந்தது. லயத்து வீடுகள் முழுக்க அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்று மாலை துரைக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். அடுத்த கூட்டம் ஆயாக்கொட்டகைக்குள் நடக்கட்டும், பிள்ளைகள் மடியில் இருக்கட்டும், யார் பெயரையும் கூப்பிட வேண்டாம். துரைக்குப் போகும் எதுவும் கிராணி கை வழியாகத்தான் போகும்; அவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். கடிதத்தைத் திரும்ப எடுக்காமல் அவர் மேசைமேலேயே விட்டுவிட்டு வந்தேன்.