நெட்வேர் பாம்பு

இன்னிக்கு எங்க ஆபீஸ் சர்வர் ரூம் வாசல்ல என் கால் தானாச் செருப்பைக் கழட்டிடுச்சு. கூட இருந்தவங்க சிரிச்சாங்க.

நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப அம்மா வேங்கிக்கால்ல ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட். ஸ்கூல் விட்டா அங்கதான் போவேன். சர்வர் ரூமுக்குள்ள தூசி போகக் கூடாதுன்னு வெறுங்காலு. தரை ஜில்லுனு இருக்கும். அந்த சர்வர்ல ஓடின சிஸ்டத்துக்கு நெட்வேர்னு பேரு. சும்மா இருக்கறப்ப அதோட திரையில ஒரு சிவப்புப் பாம்பு ஊர்ந்துட்டே இருக்கும். ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியானா நீளும், கம்மியானா சுருங்கிடும்.

புது சிஸ்டத்துக்கு எல்லாரும் மாறின அன்னிக்குப் பாம்பு விரல் நீளம்தான் இருந்துச்சு.

"செத்துடுமாம்மா?"னு அழுதேன்.

அம்மா தன் சீட்டுக்குப் போய்ப் கம்ப்யூட்டர்ல அந்த சர்வர்ல இருந்த பழைய ஃபைலையெல்லாம் ஒவ்வொண்ணாத் திறந்தாங்க. பாம்பு மெல்ல நீண்டுது.

அந்தப் பழைய சர்வரை ஆஃப் பண்ண வந்த சார், வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, "அம்மா வேலைய முடிக்கட்டும் பாப்பா"ன்னு என் பக்கத்துல உட்கார்ந்தாரு.