பெரிய ஃபைலில் மட்டும் கேட்ட சத்தம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. ராத்திரி அல்ல, பட்டப்பகலில். கேட்டவள் என் மனைவியின் தங்கை. வயது நாற்பத்தொன்று ஆகியும் வீட்டில் எல்லோருக்கும் இன்னும் பாப்பாதான். பதினாறு வருடமாக வீடியோ எடிட்டிங் செய்கிறாள். கதை கட்டத் தெரியாதவள். சினிமாவுக்குப் போய்வந்தால் கதையைக்கூட உருப்படியாகச் சொல்ல மாட்டாள். அவள் எனக்குச் சொன்னதை, நேரம் உட்பட, அப்படியே சொல்கிறேன்.

அவள் வேலை செய்வது ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில். ஒரே அறை, ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. அன்று காலை 11:40-க்கு ஒருவர் படியேறி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நாலு நாள் தாடி. அவருடைய அம்மா இறந்துவிட்டார். அன்று மாலை 4 மணிக்கு ஒரு ஹாலில் உறவுக்காரர்கள் கூடுகிறார்கள். ஐந்து வாரத்துக்கு முன்பு போனில் அம்மாவை எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. அதை அங்கே போட வேண்டும்.

“மூணு விதமா வேணும்க்கா,” என்றார். “ஹாலுக்கு ஒண்ணு. சொந்தக்காரங்களுக்கு அனுப்ப அம்மா குரல் மட்டும் ஒண்ணு. அப்புறம் நான் வச்சிக்க ஒண்ணு.”

“ஹாலுக்கு எம்பி ஃபோர். அங்க இருக்கற மிஷின் வேற எதையும் எடுக்காது. குரலுக்கு எம்பி த்ரீ. உங்களுக்கும் எம்பி ஃபோரே போதும் தம்பி.”

“அதுல எதாவது விட்டுப்போகுமா?”

“சின்னதாக்கறப்ப நம்ம காதுக்கு எட்டாத சத்தத்தைத் தூக்கிப் போட்டுடும். வித்தியாசமே தெரியாது.”

அவர் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: “எனக்கு ஒரு சத்தம்கூட விட்டுப்போகக் கூடாது.”

சரி என்றாள் பாப்பா. எதையும் சுருக்காத பெரிய ஃபைலாக, எம்ஓவி ஒன்று எடுத்துத் தருவதாகச் சொன்னாள். இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

வீடியோவில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலியில் அம்மா. “அடேய், போனை நேராப் பிடிடா” என்று ஆரம்பித்து, பேரப்பிள்ளைகளைப் பற்றிக் குறைபட்டு, சிரித்து, இருமி, மறுபடி சிரித்து... ஒன்பது நிமிடம் பன்னிரண்டு விநாடி. பாப்பா நிறத்தைக் கொஞ்சம் சரிசெய்தாள். அவ்வளவுதான்.

12:05-க்கு எம்பி ஃபோர் வந்தது. போட்டுப் பார்த்தாள். சுத்தம்.

12:12-க்கு எம்பி த்ரீ. அதுவும் சுத்தம்.

12:24-க்கு எம்ஓவி. எட்டு ஜிபிக்கு மேல். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பார்த்தாள். மூன்று நிமிடம் நாற்பது விநாடியில்...

டொக்.

அம்மா பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சுக்கு அடியில், எங்கோ தூரத்தில், மரத்தில் தட்டுவது போல.

டொக். டொக்.

கீழே கடையில் ஏதோ தட்டுகிறார்கள் என்று நினைத்து ஹெட்ஃபோனைக் கழற்றினாள். நிசப்தம். படியில் நின்று கூப்பிட்டாள்.

“அண்ணே, எதாவது தட்டறீங்களா?”

“நானா? மிஷினே ஆஃப்ல கெடக்கும்மா. பேப்பர் தீர்ந்துபோச்சு.”

திரும்பி வந்து எம்பி ஃபோரில் அதே இடத்தைப் பார்த்தாள். தட்டல் இல்லை. சுருக்கும்போது போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு, போனில் வந்த மூல வீடியோவைத் திறந்து கேட்டாள்.

அதிலும் இல்லை.

இங்கேதான் அவளுக்கு முதன்முதலில் கணக்கு உதைத்தது. போனில் பதிவாவதே சுருக்கிய சத்தம்தான். அதை எவ்வளவு பெரிய ஃபைலாக மாற்றினாலும் இல்லாதது புதிதாக வராது. ஒரு சொம்புத் தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் தண்ணீர் கூடிவிடுமா என்ன?

செட்டிங் தப்பு என்று முடிவு செய்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். மறுபடி எக்ஸ்போர்ட், அதாவது முதலிலிருந்து புதிதாக ஃபைலை எடுத்தாள்.

12:49. இந்த முறை தட்டல் இரண்டாவது நிமிடத்திலேயே ஆரம்பித்தது. இன்னும் கிட்டத்தில். அம்மாவின் குரல் ஏனோ கம்மியாகியிருந்தது. பாப்பா சத்தத்தைக் கூட்டினாள்.

டொக். டொக். டொக்.

அம்மா பேச்சை நிறுத்தினார்.

தலையைத் திருப்பினார்... இடது பக்கம். சத்தம் வந்த பக்கம்.

பாப்பா வீடியோவை நிறுத்தினாள். மூல வீடியோவில் அந்த அம்மா எந்த இடத்திலும் தலையைத் திருப்பவில்லை. இவள் அதை இரண்டு முறை முழுதாகப் பார்த்திருக்கிறாள்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். பாப்பாவுக்குத் தொழில் ரோஷம். மூன்றாவது முறை எக்ஸ்போர்ட் கொடுத்தாள்.

1:10-க்கு முடிந்தது.

திறந்தாள்.

“போனை நேராப் பிடிடா” இல்லை. சிரிப்பு இல்லை. அம்மா வாயே திறக்கவில்லை. தலையைத் திருப்பியபடி உட்கார்ந்திருந்தார். தட்டல் மட்டும். முதல் விநாடியிலிருந்து.

டொக். டொக்.

ஆறாவது நிமிடம். நாற்காலி காலி.

டொக்.

மணி 1:17.

காதோடு காதாக ஒரு குரல். மூச்சு வாங்கியபடி...

“தொறங்களேன்...”

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள்.

டொக். டொக்.

நிற்கவில்லை.

சத்தம் இப்போது ஹெட்ஃபோனில் இல்லை.

கதவில்.

அவளுடைய அறைக் கதவில்.

“யாரு?”

டொக்.

தட்டல் கதவின் கீழ்ப் பாதியிலிருந்து வந்தது. தரையில் கிடப்பவர் தட்டுவது போல...

பாப்பா எழுந்திருக்கவில்லை.

1:24-க்கு நின்றது.

இன்னும் பத்து நிமிடம் கழித்துத்தான் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. படிக்கட்டுக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடைக்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார். மேலே ஒரு ஈ காக்கா ஏறவில்லை என்றார்.

மூன்று எம்ஓவி ஃபைல்களையும் அடியோடு அழித்தாள்.

இரண்டு மணிக்கு அவர் வந்தார். பென் டிரைவைக் கொடுத்தாள்.

“பெரிய ஃபைல் சரியா வரல தம்பி. எம்பி ஃபோரும் எம்பி த்ரீயும் இருக்கு.”

“எதுவும் விட்டுப்போகலையே?”

“இல்ல.”

வீடியோ ஓடுகிறதா என்று பார்க்க நாலு மணிக்கு ஹாலுக்கும் போனாள். மனசு கேட்கவில்லை. நன்றாகவே ஓடியது. அம்மா நேராகப் பார்த்துப் பேசினார், சிரித்தார், இருமினார். கூட்டம் அழுதது. தட்டல் இல்லை. பாப்பா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அப்போது முன்வரிசையிலிருந்து அந்த மகன் எழுந்தார். ஹாலின் பக்கவாட்டுக் கதவுக்கு நடந்துபோனார். தாழ்ப்பாளை நீக்கி இரண்டு பக்கமும் விரியத் திறந்தார். வெளியே வெறும் வராந்தா. அங்கேயே, தரையைப் பார்த்தபடி, வீடியோ முடியும்வரை நின்றார். துக்கம் தாங்காமல் காற்று வாங்கப் போனதாக எல்லோரும் நினைத்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

“அக்கா... அந்தத் தட்டற சத்தத்தை ஏன் எடுக்காம விட்டீங்க?”

“எந்தச் சத்தம்?”

“ஹால்ல கேட்டுச்சே. பக்கத்துல இருந்த தங்கச்சிய கேட்டேன். ஒண்ணும் கேக்கலன்னுட்டா.”

“நான் குடுத்ததுல எதுவும் இல்ல தம்பி. சத்தியமா இல்ல.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அம்மா தூக்கத்துல போயிட்டாங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கோம். தூக்கத்துல இல்லக்கா. பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. எந்திரிச்சுத் தாழ்ப்பாளை எடுக்க முடியல. காலைல பதினொண்ணரைக்கு உள்ள போனவங்க. டாக்டர் ஒண்ணரை மணி வாக்குல உயிர் போயிருக்கும்னார். கதவை உடைச்சுப் பார்த்தா... கை முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு கெடந்துச்சு.”

“வீட்டுல யாருமே இல்லையா?”

“நான் இருந்தேன்க்கா. பக்கத்து ரூம்லதான். காதுல பாட்டு மாட்டிட்டு.”