நான் மாற்றிக் கட்டிய முடிச்சு

எனக்கு மலை பிடிக்காது. நாங்கள் வாவிக்கரை ஆட்கள். தோணியில் ஏறி இருந்தால் கண் எட்டுகிற தூரத்துக்குத் தண்ணீர்தான், எதுவும் தலைக்கு மேலே எழும்பி நிற்காது. செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியால் வெகுதூரம் ஓடினால்தான் மலை தெரியத் தொடங்கும். அன்றைக்கு அதன் தலை முழுக்கக் கறுத்த மேகம். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்த மகள், "அங்க பாருங்கப்பா, என்ன வடிவு!" என்றாள். எனக்கு ஒரு வடிவும் தெரியவில்லை. விடிந்ததிலிருந்தே மனம் ஒரு மாதிரித்தான் கிடந்தது. மழை வரப்போகுது என்று மட்டும் சொன்னேன்.

மகளுக்குப் பதினைந்து வயது. மலையடியில் பழைய நெல் களஞ்சியம் ஒன்றுக்குள் யாரோ ஏறிப் பழகுகிற சுவர் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். பாடசாலை விளையாட்டு மிஸ் இவளையும் இவளது வகுப்புப் பிள்ளை ஒருத்தியையும் சனிக்கிழமைகளில் அங்கே கூட்டிக்கொண்டு போவா. இரண்டு மாதமாக மெத்தைக்கு மேலே ஆள் உயரத்துக்குத்தான் ஏறினார்கள். கயிறு கட்டி உச்சிக்கு ஏறுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. இரண்டு பேரில் ஒருத்திதான் கொழும்புப் போட்டிக்குப் போகலாம். மகள் ஒரு கிழமையாகக் கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினாள். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தும் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள். மிஸ்ஸுக்குக் காய்ச்சல் என்றதால் மகளைக் கூட்டிப் போகிற வேலை என் தலையில் விழுந்தது.

உள்ளே போனதும் எனக்கு மூச்சு முட்டியது. யன்னல் இல்லை. உமி வாசம் இன்னும் போகவில்லை. சுவர் கூரை வரைக்கும் போய், உச்சியில் எங்கள் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதில் பச்சை, மஞ்சள் நிறங்களில் பிடிகள் பூட்டியிருந்தார்கள். வழுக்காமலிருக்க ஏறுகிறவர்கள் கையில் பூசுகிற மாவு அங்கங்கே வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கிடந்தது. மேலேயிருந்து இரண்டு கயிறுகள் தொங்கின. இதில் ஏறவா இந்தப் பிள்ளை இவ்வளவு பாடுபட்டாள் என்று எரிச்சல்தான் வந்தது.

பயிற்சியாளர் பதுளைப் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். பிள்ளைகளின் இடுப்புப் பட்டியில் கயிற்றைக் கோத்து, முடிச்சுப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். "ஏறுறது பெரிசு இல்லீங்க சார். உச்சிக்குப் போயி ரெண்டு கையயும் விடணும். நான் கீழ கயித்தப் புடிச்சு மெதுவா எறக்குவேன். கைய வுட்டாத்தான் பாஸ்." பிறகு அந்த முடிச்சை எனக்குக் காட்டி, இப்படித்தான் கட்ட வேண்டும் என்று பாடம் எடுக்கத் தொடங்கினார். எனக்கு! நடக்கப் பழகின நாளிலிருந்து கயிறோடும் வலையோடும் கிடக்கிறவனுக்கு! பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

மற்றப் பிள்ளை முதலில் ஏறினாள். அவள் உச்சியில் போய் நின்று அழுதாள். பயிற்சியாளர் கீழே நின்று அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மகள், "அப்பா, இந்த முடிச்சு வயித்தில குத்துது" என்றாள். குனிந்து பார்த்தேன். தேங்காய்க் குரும்பை அளவில் ஒரு முடிச்சு.

"இஞ்ச கொண்டா."

"அவர் கட்டினதுதானே, விடுங்கப்பா."

"சும்மா நில்லுகா. உன்ட அப்பனுக்குக் கயிறு கட்டப் படிப்பிக்க வந்திட்டாங்க."

அவிழ்த்தேன். பட்டியில் சுற்றி, வாலை மடித்து உள்ளே விட்டு, இழுத்து இறுக்கினேன். என் கை தன்பாட்டில் கட்டியது. அழகான, சின்ன முடிச்சு. இப்ப குத்தவில்லை என்று அவள் சிரித்தாள். மற்றப் பிள்ளை ஒருவாறு கையை விட்டு இறங்கி வந்துவிட்டாள். பயிற்சியாளர் வந்து மகளின் கயிற்றைக் கையில் எடுத்தார். தான் கட்டியதுதானே என்று அவர் முடிச்சைப் பார்க்கவில்லை.

அவள் ஏறினாள். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குப் பெருமை தாங்கவில்லை. பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போனாள். பாதிக்கு மேலே போனபோதுதான் கயிற்றின் வால் அவளுடைய முழங்காலில் ஆடுவதைக் கண்டேன். நான் ஒரு சாண்தான் விட்டிருந்தேன். இப்போது அது ஒரு முழம் இருந்தது.

என்ன கட்டினேன் என்று அப்போதுதான் உறைத்தது. நான் கட்டியது தோணியைக் கம்பில் கட்டுகிற முடிச்சு. காலையில் அவசரத்துக்கு வாலைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தால் முழுக்க அவிழ்ந்துவிட வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டுவோம். நாள் தவறாமல் கட்டிக் கட்டிக் கைக்கு வேறு முடிச்சே தெரியாமல் போய்விட்டது. அவள் காலைத் தூக்கும்போதெல்லாம் முழங்கால் அந்த வாலை உரசி இன்னும் கொஞ்சம் இழுத்தது.

சொல்ல வேண்டியது ஒரேயொரு வசனம்: முடிச்சை நான் மாற்றிவிட்டேன். பயிற்சியாளர் பக்கத்தில்தான் நின்றார். அது காதில் விழுந்தால் அவள் பதறிக் கையை விட்டுவிடுவாளோ என்று பயம். இந்த மனுசன் முகத்தில் எப்படி முழிப்பது என்று வெட்கம். இரண்டில் எது கூடுதல் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அதற்குள் அவள் உச்சியைத் தொட்டுவிட்டாள்.

"சூப்பர்! இப்ப கைய வுடும்மா. கயிறு புடிச்சுக்கும்."

"விடாத!" என்று கத்தினேன். "கையை விடாத மகள்! பிடிச்சுப் பிடிச்சு இறங்கி வா!"

"சார், நீங்க பேசாம இருங்க. பயப்படாதம்மா, விடு."

அவள் தோளுக்கு மேலால் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கை பிடியை விட்டு வெளியே வந்தது. அவர் கயிற்றை இறுக்கப் போனார். நான் பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தேன். "இழுக்காதீங்க! மகள், அப்பா சொல்றன், இறங்கி வா கா!"

அவள் கையைத் திரும்பப் பிடியில் வைத்தாள். நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு ஒவ்வொரு காலாகத் தடவித் தடவி இறங்கத் தொடங்கினாள். நடுவழியில் ஒரு கால் வழுக்கி, இரண்டு கையில் தொங்கினாள். எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். மெத்தையில் அவளுடைய கால் பட்டதும் ஓடிப்போய் இடுப்போடு கட்டிப்பிடித்தேன். முடிச்சில் கை பட்டதுதான் தாமதம், கயிறு முழுக்க அவிழ்ந்து என் கைக்குள் வந்துவிட்டது. அது தானாக அவிழ்ந்ததை யாரும் காணவில்லை. நானே அவிழ்த்ததாக நினைத்திருப்பார்கள்.

கையை விடாததால் மகள் பாஸ் இல்லை, மற்றப் பிள்ளைக்குத்தான் கொழும்பு என்றார் பயிற்சியாளர். மழைக்குள்ளேயே திரும்பினோம். செங்கலடிச் சந்தியில் ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்கும்போது கேட்டாள். "கயிறு அறுந்திடும் எண்டு பயந்தீங்களா? இல்லாட்டி எனக்கு ஏலாது எண்டா?"

தேத்தண்ணிக் கோப்பையை அவளிடம் நீட்டினேன். "உனக்கு ஏலாது எண்டுதான் நினைச்சன்" என்றேன்.

அவள் அழவில்லை. "ஓ" என்றாள். தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை மிஸ் போன் எடுத்தா. மற்றப் பிள்ளையின் வீட்டில் கொழும்புக்கு விடமாட்டோம் என்கிறார்களாம்; சனிக்கிழமை மகளைக் கூட்டிவாருங்கள், இன்னொரு தரம் பார்ப்போம் என்றா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் மகளின் கையில் போனைக் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "இல்ல மிஸ், எனக்கு ஏலாது. அப்பாட்டக் கேளுங்க, அவருக்குத் தெரியும்" என்று சொல்லி, போனை என்னிடம் தந்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஹலோ, என்ன ஐயா? நல்லா ஏறின பிள்ளைதானே. என்ன நடந்தது?" என்று மிஸ் கேட்டா.

மகள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"ஓம் மிஸ்," என்றேன். "அவக்கு ஏலாது."