மலசலகூடக் குழியில் சிப்பி

குழி நாலடி இறங்கியதும் மேசன் மண்வெட்டியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கறுப்புக் களிக்குக் கீழே வெள்ளையாகச் சிப்பிகள் கிடந்தன. கடல் அங்கிருந்து இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால். சனிக்கிழமை, காலை ஏழு இருபது என்று கொப்பியில் குறித்திருக்கிறேன்.

அது மகளின் புது வீட்டுக்கான மலசலகூடக் குழி. எங்கள் பகுதியில் நிக்காஹ்வுக்கு முன் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட வேண்டும். மாப்பிள்ளை அங்கேதான் வந்து குடியிருப்பார். கலியாணத்துக்கு ஆறு மாதம் இருந்தது. திங்கட்கிழமை அத்திவாரம் வெட்டுவதாக ஏற்பாடு.

இடத்தைத் தெரிவு செய்தவன் நான். மனைவிக்கு ஊருக்குள், கடலை அண்டிய மணல் மேட்டில், தாய்வழி வளவு ஒன்று இருந்தது. அதை வேண்டாமென்றேன். சுனாமிக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு, கடற்கரைப் பள்ளியின் பின்மதிலிலிருந்து ஈரமணல் வரை எட்டு வைத்து அளந்து எழுதி வருகிறேன். எட்டுகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகவே மேற்கே, வயலை மூடிக் கிறவல் மண் போட்ட இந்த இருபது பேர்ச்சஸ் காணியை வாங்கினேன். மனைவி ஒரு தடவைதான் சொன்னாள்: "கடல் ஒரு தரம் வந்திச்சு. வயல் வெள்ளம் வருசா வருசம் வருது." நான் கொப்பியை விரித்துக் காட்டி அவள் வாயை அடைத்தேன்.

சிப்பியைக் கண்டதும் அவளுடைய தம்பியை வரச் சொன்னேன். பாடசாலையில் புவியியல் படிப்பிப்பவர். பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் முன்னால் அவர் சொல்லவேண்டுமென்று விரும்பினேன். அவர் குழிக்குள் இறங்கிக் கால்மணி நேரம் சிப்பிகளைக் கிளறிப் பார்த்தார். தேத்தண்ணீர் கொண்டுவந்த மனைவியும் மகளும் குழிக் கரையில் நின்றார்கள்.

ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் கடல் இப்போதையதைவிட உயர்ந்து, இந்த வயலெல்லாம் கடல்நீர் தேங்கிய களப்பாகக் கிடந்திருக்கும் என்றார். அக்காலத்து மனிதர் களப்பு ஓரத்தில் மேடும் நல்ல தண்ணீரும் பார்த்துக் குடியிருந்தார்களாம். அவர்கள் மட்டி தின்ற இடமென்றால் பொறுக்கியெடுத்த பெரிய சிப்பிகள் குவிந்திருக்கும்; சாம்பலும் எலும்பும் கலந்திருக்கும். களப்பு தூர்ந்தால் எழும்பி வேறிடம் போய்விடுவார்கள்.

"இஞ்ச சாம்பல் இல்ல மச்சான். சின்னதும் பெரிசும் வாய் மூடினபடியே கிடக்கு. ஆரும் திண்ட மட்டி இல்ல, தானாச் செத்த மட்டி. இது ஆக்கள் இருந்த இடமில்ல, தண்ணி நிண்ட இடம்."

"அப்ப நாமதான் இஞ்ச முதல் குடி" என்றார் மேசன்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மனிதர்களுக்குக் கிறவல் ஏது, கொங்கிறீற்று ஏது என்று மைத்துனரிடம் கேட்டேன்.

"அதாலதான் அவங்க தப்பினாங்க. தண்ணி வந்தா எழும்பிப் போகலாம். நீங்க கல்லால கட்டி மகள்ட பேர்ல எழுதிக் குடுக்கப் போறீங்க. அவ எங்க எழும்பிப் போற?"

மகள் குழியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வாப்பா, கொப்பியில வயல் பக்கம் எத்தின தரம் அளந்திரிக்கீங்க?"

புரட்டிப் பார்த்தேன். ஒரு தரமும் இல்லை. வெள்ளம் இந்த வீதியை மூடிய மாதத்தில்கூட கடற்கரை எட்டுகளைத்தான் ஒழுங்காக எழுதியிருந்தேன்.

குழியின் அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது. மழையில்லாத மாதம். அளவுகோலை இறக்கினேன்: நாலு அங்குலம். நண்பகல் ளுஹர் பாங்குக்கு முன் ஒன்பது. குழியை மூடச் சொன்னேன். மனைவி அத்திவாரத்துக்கு அடித்திருந்த முளைகளைப் பிடுங்கி, கயிற்றைச் சுற்றினாள்.

வீடு இப்போது மணல் மேட்டில் எழும்புகிறது. அங்கும் நிம்மதி இல்லை. கடற்கரை எட்டுகள் போன மாதமும் குறைந்தன. வயல் பக்கத்துக்கும் கொப்பியில் ஒரு நிரல் போட்டிருக்கிறேன். வீட்டுப் படத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன்: மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, வீதிப் பக்கமாக. எந்தப் பக்கத்தால் தண்ணீர் வந்தாலும் அயலவரும் ஏறலாம். மேசன் அதற்குத்தான் முதலில் அத்திவாரம் வெட்டினார்.