சித்தப்பா செய்த புல்லர்

அந்த வண்டியைப் பார்த்துத்தான் என் சித்தப்பாவுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்தார்கள். இப்படிச் சொன்னால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் நடந்தது அதுதான். மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிறவனுக்குப் பிரம்மதேசம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பெண் கேட்டுப் போனால் முதலில் அவன் காலைத்தான் பார்ப்பார்கள். வெடித்துப் பிளந்து, பிளவெல்லாம் வெள்ளை பூத்த அந்தக் கால் எந்தச் செருப்பிலும் மறையாது. சித்தப்பா பாத்தியிலிருந்து கரையேறியவர். புதுச்சேரியில் யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் ஒன்றை வாங்கி, பின்னால் கல்லுப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு, உட்பக்கத்து ஊர்களில் தெருத்தெருவாகப் போய் விற்றார். பெண்ணின் அப்பா தன் வீட்டு வாசலிலேயே அவரிடம் உப்பு வாங்கியவர். சொந்த வண்டி, சொந்த வியாபாரம் என்று தன் ஆட்களிடம் பெருமையாகச் சொல்லித்தான் இந்தச் சம்பந்தத்தைப் பேசினார். தையில் கல்யாணம் என்று வாய்ப்பேச்சில் முடிவாகிவிட்டது. தட்டு மாற்றுவதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து வண்டி நின்றுவிட்டது.

இரண்டாயிரத்து ஐந்தில் பெய்த ஐப்பசி மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உப்பளம் மொத்தமும் ஒரே ஏரியாகக் கிடந்தது. மழைக் காலத்தில் பாத்தியில் வேலை இருக்காது என்பதால் அப்பா வீட்டில்தான் இருப்பார். கோடையில் சேர்த்து வைத்த உப்பைச் சித்தப்பா வண்டியில் கொண்டுபோய் விற்றுத்தான் அந்த மாதங்களை ஓட்டுவோம். வண்டி நின்றதும் வீட்டில் உலை நின்றது மட்டுமில்லை, கல்யாணமும் ஆட்டம் கண்டது. "உங்க மாப்பிள்ள இந்தப் பக்கமே காணமே?" என்று பெண் வீட்டாரை அவர்கள் தெருக்காரர்களே கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனதும் மெக்கானிக் உதைத்துப் பார்த்தார், பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். என்ஜினின் இடது பக்கம், மேக்னட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல் போய்விட்டது என்றார். உப்பு மூட்டையிலிருந்து வழிந்த நீர் அத்தனை வருஷமாக அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சீல் என்பது சின்ன ரப்பர் வளையம். அதை மாற்றுவது பெரிய வேலையில்லை. ஆனால் அதன்மேல் மேக்னட் என்கிற கனமான சக்கரம், கிராங்க் தண்டின் முனையைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நட்டைக் கழற்றினாலும் அது அசையாது. அதைப் பிடித்து இழுக்க அதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதுதான் புல்லர்.

"வண்டிய வுட்டுட்டுப் போ. பொங்கலுக்கு மேல பாக்கலாம்" என்றார் மெக்கானிக். அவருடைய ஷெட்டில் மழையில் மூழ்கிய வண்டிகள் வரிசையாக நின்றன.

"புல்லர மட்டும் குடுங்கண்ணா. கழட்டிட்டு சாயங்காலமே கொண்டாந்து தர்றேன்."

"ஏம்பா, அத வெளிய குடுத்துட்டு நான் இன்னா பண்றது?"

புதுச்சேரிக் கடையில் சீலைக் கொடுத்துவிட்டு, அந்த மாடலே நின்றுபோய்விட்டது, புல்லருக்கு எங்கே போவது என்று சிரித்தார்களாம். சித்தப்பா திரும்பி வரும்போதே தானே செய்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

அவர் அப்படித் தீர்மானித்தது ஒன்றும் ஆச்சரியமில்லை. கடையில் விற்கிற கருவி எதையும் அவர் வாங்கியதே கிடையாது. பழைய சைக்கிள் செயினை இரும்புக் குழாயில் பற்றவைத்து, சுழலும் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு பிடி செய்து வைத்திருந்தார். நான் குடித்துத் தீர்த்த பால் பவுடர் டப்பாவின் தகடு, பிஸ்டனை உள்ளே இறக்கும்போது வளையங்களை அமுக்கிப் பிடிக்கும் பட்டையாகிவிட்டது. அம்மாவின் இடுக்கி ஒருநாள் காணாமல் போய், வேறு உருவத்தில் திரும்பி வந்தது. "இவன வுட்டா ஏரோப்ளேனே செய்வான்" என்பார் அப்பா. கேலியாகத்தான் சொல்வார், ஆனால் வெளி ஆட்கள் இருக்கும்போதும் சொல்வார். எனக்கோ சித்தப்பாவைவிடப் பெரிய ஆள் உலகத்திலேயே கிடையாது.

தடித்த இரும்புத் தகட்டில் துளை போட்டு, மூன்று போல்ட்டுகளால் அதை மேக்னட்டோடு பிணைத்தார். நடுவில் ஒரு பெரிய போல்ட். அதைத் திருகத் திருக அது கிராங்க் முனையை உள்ளே அழுத்தும், தகடு மேக்னட்டை வெளியே இழுக்கும். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் கடைப் போல்ட்டின் முனை அழுத்தம் தாங்காமல் காளான் மாதிரி விரிந்துவிட்டது. இன்னொன்றை வாங்கிப் போட்டார், அதுவும் விரிந்தது. மேக்னட் மயிரிழைகூட நகரவில்லை. பிறகு உடைந்த லாரி ஆக்சில் துண்டொன்றைத் தேடிப் பிடித்து, லேத் பட்டறையில் போல்ட்டாகக் கடைந்து வாங்கி வந்தார். நல்ல இரும்புதான், இதற்குத் துவைச்சல் ஏற்றினால் போதும் என்றார். துவைச்சல் ஏற்றுவதென்றால் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கெட்டிப்படுத்துவது. அந்த வேலை தெரிந்த கொல்லர் மழைக்குப் பயந்து மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

இந்த இடத்தில்தான் அப்பா உள்ளே வந்தார். அப்பாவுக்கு உப்பின்மேல் இருந்த நம்பிக்கை சாமியின்மேல்கூட இருந்ததில்லை. தொண்டை கட்டினால் உப்பு, கால் பிளந்தால் உப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் சுற்றிப்போட உப்பு. மண்வெட்டி தட்டப் போகும்போதெல்லாம் கொல்லர் பழுத்த இரும்பை உப்புத் தண்ணீரில் முக்குவதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்தது உண்மைதான். முக்கி எடுத்ததைக் கொல்லர் மறுபடியும் இளஞ்சூட்டில் காட்டி, அதன் முகத்தில் நிறம் மாறும்வரை காத்திருப்பார். அதற்குள் அப்பா டீ குடிக்கப் போயிருப்பார். முக்கியதோடு விட்ட இரும்பு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு எளிதில் தெறிக்கும். உப்புத் தண்ணீரில் முக்கினால் இன்னும் மோசம். பல வருஷம் கழித்துப் பாலிடெக்னிக்கில் இந்தப் பாடம் நடந்தபோது எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். என்னால் எழுத முடியவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போன விஷயம் பலகையில் இரண்டே வரியில் அடங்கிவிட்டிருந்தது.

மழை விட்டிருந்த ஒரு பகலில் கொட்டாங்குச்சிக் கரியில் தீ மூட்டினார்கள். டீக்கடையில் கேட்டு வாங்கிய கைச்சுற்று ப்ளோயரை நானும் கொஞ்ச நேரம் சுற்றினேன். அப்பா ஒரு பானைத் தண்ணீரில் உப்பை அள்ளி அள்ளிப் போட்டுக் கரைத்தார். உப்பு போதுமா என்று அம்மாவிடம் முட்டை வாங்கி மிதக்கவிட்டுப் பார்த்தார். முட்டை மிதந்த பிறகும் போட்டார்.

"போதும்ண்ணா."

"உப்புக்கு அளவு நீ எனக்கு சொல்றியா? இரும்ப பாருடா."

போல்ட் செக்கச்செவேலென்று பழுத்ததும் சித்தப்பா இடுக்கியால் எடுத்துப் பானைக்குள் விட்டார். அது போட்ட கூச்சலில் கோழிகள் ஓடின. ஆறியபின் அதன்மேல் அரத்தை வைத்துத் தேய்த்தார். அரம் ஒரு கோடுகூடப் போடாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. சித்தப்பா அரத்தை அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவும் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பாத்தியா?" என்றார். அண்ணனும் தம்பியும் அன்றைக்குச் சிரித்ததுபோல் நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அப்புறமும் பார்த்ததில்லை.

புல்லரை மாட்டி, போல்ட்டை முறுக்கிக்கொண்டே போனார்கள். முனை விரியவில்லை. இதற்குமேல் திரும்பாது என்ற இடம் வந்ததும், போல்ட்டின் தலையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தால் அந்த அதிர்வில் மேக்னட் விட்டுக்கொடுக்கும் என்றார் சித்தப்பா. அவர் சக்கரத்தின் பக்கம் குனிந்து, நகர்கிறதா என்று கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தியலை அப்பா வாங்கிக்கொண்டார்.

முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த அடியில் 'டங்' என்று சத்தம் கேட்டது, மேக்னட் முன்னால் வந்து விழுந்தது. நான் குதித்துக் குதித்துக் கைதட்டினேன். சித்தப்பா உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேர்வையைத் துடைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"கழண்டுச்சாண்ணா?" என்று கேட்டார்.

அவர் கையை எடுத்தபோது பெரிதாக ரத்தம்கூட இல்லை. போல்ட்டின் தலையில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு தெறித்துப் போயிருந்தது. அப்பா அந்தச் சில்லுப் போன இடத்தையும் சித்தப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்காரி தாய்ப்பாலைப் பாலாடையில் கொண்டுவந்து கண்ணில் விட்டாள். தூசிதான், வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வலி ஏற ஏறத்தான் விஷயம் புரிந்தது. அப்பா ஈ.சி.ஆர் ரோட்டின் நடுவிலேயே போய் நின்று, வந்த பஸ்ஸை மறித்து, தம்பியை ஏற்றிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணுக்குள்ளே இரும்பு போயிருக்கிறது என்றார்கள் அங்கே. இரும்பை எடுத்தார்கள், அந்தக் கண்ணின் பார்வையை மீட்க முடியவில்லை.

சித்தப்பா கட்டோடு வீட்டுக்கு வந்த மறுநாளே அப்பா வண்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவர் அதுவரை ஸ்பேனரைத் தொட்டவரில்லை. சித்தப்பா கட்டிலில் படுத்தபடியே சொல்லச் சொல்ல, அப்பா புது சீலைப் பொருத்தினார், மேக்னட்டை ஏற்றினார், தவறாகப் பூட்டினார், கழற்றித் திரும்பவும் பூட்டினார். கை விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. "சாப்ட்டு செய்யேன்" என்று அம்மா கூப்பிட்டபோதும் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. ஒருவழியாக வண்டி உயிர் பெற்றபோது சித்தப்பா படுத்தவாறே சத்தத்தை உற்றுக் கேட்டு, "ஐடில் கொஞ்சம் ஏத்தி வை" என்றார். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். வண்டி ஓடாததுதானே சிக்கல்.

கார்த்திகை முடிவதற்குள் பெண்ணின் அப்பா, தன் அண்ணனையும் உறவுக்கார வயதான பெண் ஒருத்தியையும் அழைத்துக்கொண்டு வந்தார். அப்பா காலையிலேயே வண்டியைக் கழுவி, எண்ணெய் தடவி, வாசலில் அவர்கள் கண்ணில் படும்படி நிறுத்தியிருந்தார். அவர்கள் வரும்போதே உதைத்து ஸ்டார்ட் செய்தார். ஒரே உதையில் கிளம்பியது.

"வண்டி ரெடிங்க சம்மந்தி" என்றார் அப்பா.

"தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் உள்ளே போனார்கள். அப்பா அவர்களோடு உள்ளே வரவில்லை. வண்டியையும் நிறுத்தவில்லை.

சித்தப்பா ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அம்மா கேசரியும் வடையும் செய்து, தட்டுகளில் வைத்துக் கொண்டுவந்தாள். சம்பந்தம் பேச வந்த வீட்டில் கை நனைப்பதற்கு ஒரு அர்த்தம் உண்டு. முந்தின தடவை வந்தபோது மூன்று பேரும் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். இந்த முறை, "இப்பதான் வழியில சாப்ட்டோம்மா" என்றார் பெண்ணின் அப்பா. காபியாவது குடியுங்கள் மாமா என்று சித்தப்பாவே டம்ளரை எடுத்து அவர் முன்னாலிருந்த முக்காலியில் வைத்தார். முக்காலிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கையை எடுத்துவிட்டார். டம்ளர் கீழே விழுந்து, காபி அவருடைய வேட்டியெல்லாம் தெறித்தது.

"பரவால்ல தம்பி, பரவால்ல" என்று எழுந்த பெண்ணின் அப்பா, அப்புறம் உட்காரவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "பொண்ணு இன்னும் கொஞ்ச நாள் போவட்டுங்குதும்மா. தையில வேணாம். அப்புறமா பாத்துக்கலாம்."

"சரிங்க மாமா" என்றார் சித்தப்பா. அம்மா முந்தானையால் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாள் என்றால் கொஞ்ச நாள்தான் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று தட்டும் கை படாமல் அப்படியே இருந்தன. அம்மா ஒரு தட்டை என் பக்கம் நகர்த்தினாள். நான் கேசரியை வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அவர்கள் வாசலைக் கடந்தபோது அப்பா வண்டியின் ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டு நின்றார். பெண்ணின் அப்பா நின்று, வேட்டிக் கறையை உதறிவிட்டுப் போய்விட்டார். அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தார். வாசலெல்லாம் நீலப் புகை. வண்டிச் சத்தத்தில் அவர்கள் போனது அப்பாவுக்குத் தெரியவில்லை என்று நினைத்து, நான் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடினேன். "அப்பா, அவங்க போயிட்டாங்க" என்றேன். அவர் இன்னும் வேகமாகத் திருகினார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, நான் இன்னும் கிட்டே போய், இன்னும் சத்தமாக அதையே சொன்னேன்.