கதவோரக் குழவிக்கல்

என் எழுத்து மேசைக்கு அடியில் ஒரு குழவிக்கல் கிடக்கிறது. ஒரு பக்கம் உடைந்தது, மாவரைக்க உதவாது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், குமாரபாளையத்தில், எங்கள் சங்கத்தின் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுத்த கல் அது. எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாள், கிழமை, வந்தவர்கள், கலைந்த நேரம் எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. இந்தக் கல்லைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

முதல் யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய ஏழு பேரின் சங்கம் அது. கடற்படையில் சேரப் போகிறவர்களுக்கு நற்சான்றுக் கடிதம் கொடுப்பதும், தறிக்காரர்களிடம் துண்டுகள் கேட்டு வாங்கி மாலுமிகளுக்கு அனுப்புவதும் அவர்கள் வேலை. பட்டாளம் பார்க்காத நான், எழுதத் தெரிந்தவன் என்பதால் காரியதரிசி. "ஏனுங்க, நம்மூர்ல பரிசலை உட்டா வேறென்னங்க மிதக்குது?" என்று சந்தையில் கேலி செய்வார்கள். தலைவராக இருந்த சுபேதார் அதற்குச் சிரித்ததில்லை.

சங்கம் கூடியது ஜன்னலில்லாத ஒரு பழைய நூல் கிடங்கில். சுபேதார்தான் முதலில் வருவார். கல்லைக் காலால் தள்ளிக் கதவோரம் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்காருவார். வெயிலுக்கு யாராவது கதவைச் சாத்தப் போனால், "காத்து வரட்டுமுங்க" என்பார். காற்றுக்காகத்தான் என்று நானும் நம்பினேன்.

ஒரு சித்திரை மாத ஞாயிறு மதியம், அவருடைய ஒரே மகன் நற்சான்று கேட்டு வந்து நின்றான். ஊரார் பிள்ளைகள் பலருக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர். அங்கத்தினர்கள் கைதட்டினார்கள். நான் காகிதத்தை அவர் முன் வைத்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை. எழுந்துபோய்க் கல்லை உதைத்துத் தள்ளி, கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

இருட்டு. கஞ்சிப் பசையின் பழைய நெடி.

"கப்பல்னா இதுதான் சாமி," என்றது அவர் குரல். "இவங்கல்லாம் மேல்தட்டுல வந்தாங்க. என்னையப் பட்டாளத்துக் கழுதைகளோட கீழ உட்டு மேல மூடியப் போட்டுட்டாங்க. தண்ணி எங்கிருந்து வருதுன்னுகூடத் தெரியாது. பாஸ்ரா துறைமுகம் போய்ச் சேர்ற வரைக்கும்..."

மூச்சு மட்டும் வேகமாகக் கேட்டது. பிறகு மரத்தில் நகம் கீறும் ஓசை. தான் போட்ட தாழ்ப்பாளை அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. மகன்தான் தடவிப் பார்த்துத் திறந்துவிட்டான்.

"நம்ம கெணத்துக்குள்ள எறங்கறதைவிட இது என்னங்கப்பா?" என்றான். வேர்வைகூட இல்லை அவன் முகத்தில்.

"பையன் தேறிட்டானுங்க சுபேதார்!" என்று ஒருவர் சிரித்தார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். மறுப்பதற்கு அவரிடம் இருந்த ஒரே காரணத்தை அவரே எங்கள் முன் செலவழித்துவிட்டிருந்தார். அடுத்தவன் பிள்ளைக்குப் போட்ட கையெழுத்தைத் தன் பிள்ளைக்கு எப்படி மறுப்பது? போட்டார். 'தலைவர் கையொப்பமிட்டார்' என்று நான் எழுதிக்கொண்டேன்.

மகனுக்குக் கப்பலின் அடித்தளத்தில், இயந்திர அறையில் வேலை என்று கடிதம் வந்தது. அடுத்த கூட்டத்தில் கல் மூலையில் கிடந்தது, கதவு சாத்தியிருந்தது. விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். திறக்கட்டுமா என்று கேட்டேன். "அவன் அங்க அடைஞ்சு கெடக்கறான். எனக்கென்னங்க காத்து?" என்றார். யுத்தம் முடியும்வரை அப்படித்தான். ஒவ்வொரு கூட்டத்திலும் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, சட்டை நனைய உட்கார்ந்திருப்பார். ஒருமுறைகூட நடுவில் எழுந்து போனதில்லை.

யுத்தம் முடிந்து மகன் முழுசாகத் திரும்பினான். சங்கத்தில் வரவேற்பு. மாலை போட்டு, சுபேதார் பேசத் தொடங்கினார். அவர் பேச்சின் நடுவில் மகன் எழுந்தான். கதவை அகலத் திறந்து, மூலையிலிருந்த கல்லை இரு கையாலும் தூக்கி வந்து அண்டை கொடுத்துவிட்டு, நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். கழுத்து மாலை வேர்வையில் நனைந்திருந்தது.

"காத்து வரட்டுமுங்கப்பா," என்றான்.

அன்று யாரும் சிரிக்கவில்லை. சுபேதார் அவனைப் பார்த்தார், பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

சங்கம் கலைந்தபோது மற்றவர்கள் நாற்காலிகளை எடுத்துக்கொண்டார்கள். கல்லை நான் கொண்டுவந்தேன். என் அறைக்கு இரண்டு ஜன்னல்கள்; கல்லுக்கு இங்கே வேலையில்லை. இன்று காலை காலில் இடித்தது. பழைய நோட்டை எடுத்து, அந்தச் சித்திரைக் கூட்டத்தின் பக்கத்தில், 'தலைவர் கையொப்பமிட்டார்' என்ற வரிக்குக் கீழே, விட்டுப்போன ஒன்றை எழுதினேன்: 'கதவைத் திறந்தது மகன்.'